அத்தையின் துடிக்கும் கண்ணும் போடாக்ஸ் ஊசியும்

பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்பார்கள். என் அத்தைக்கு இடது கீழ் இமை துடிக்க ஆரம்பித்தபோது அவருக்கு 52 வயது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரு சந்தோஷம். வரன் அமைந்தது, கல்யாணமும் முடிந்தது. துடிப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒரு வருடத்துக்குள் அது இமையிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து வாயோரத்துக்கும் இறங்கிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தின் இடது பாதி சுண்டி இழுக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். ஒருநாள் பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர் அத்தை தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அத்தை வெளியே போனால் முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொள்வார். விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் பொறுமையாக விளக்கினார். மூளைத் தண்டிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருக்கிறது, அதனால் நரம்பு தேவையில்லாமல் சுண்டிவிடப்படுகிறது, துடிப்பை அடக்க போடாக்ஸ் ஊசி போடலாம் என்றார். அத்தை உடனே எழுந்துவிட்டார். "வேண்டாங்க டாக்டர். பேரன் பேத்தி எடுக்கிற வயசுல எனக்கு எதுக்குங்க அழகு ஊசி?"

அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்தத் துடிப்போடுதான் இருந்தார். அந்த மருந்தோடு ஒட்டிக்கொண்ட பெயர் மட்டுமே அவரைத் தடுத்தது. நடிகைகளின் நெற்றி, சுருக்கமில்லாத கன்னம், பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் போடாக்ஸ் நம் காதில் விழுகிறது. ஆனால் அந்த மருந்து முதன்முதலில் அனுமதி வாங்கியதே அத்தையைப் போன்றவர்களுக்காகத்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 1989 டிசம்பரில் அதை மாறுகண்ணுக்கும், கட்டுப்படுத்த முடியாத இமைச் சுருக்கத்துக்கும் மருந்தாக ஏற்றுக்கொண்டது. புருவங்களுக்கு நடுவே விழும் கோட்டுக்கு அனுமதி கிடைத்தது 2002 ஏப்ரலில். நடுவில் 12 வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

கதை தொடங்குவது ஒரு சமையலறையில். 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், இறைச்சியையும் ரத்தத்தையும் குடலில் அடைத்துச் செய்யும் சாசேஜைச் சாப்பிட்டவர்கள் விசித்திரமான முறையில் செத்துக்கொண்டிருந்தார்கள். கண் இமை தொங்கிப்போகும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், வாய் வறண்டுவிடும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். அதுவரை நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். யுஸ்டினஸ் கெர்னர் என்ற அந்த ஊர் மருத்துவர் கவிஞரும்கூட. இப்படி நோயுற்ற 155 பேரின் விவரங்களைத் திரட்டி 1822-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். கெட்டுப்போன சாசேஜிலிருந்து எடுத்த சாற்றைத் துளித்துளியாகத் தன் மேலேயே சோதித்தும் பார்த்தார்.

கெர்னர் எழுதியதில் என்னை மிகவும் வியக்க வைப்பது நூலின் கடைசிப் பகுதி. இந்த நஞ்சு நரம்பின் ஏவலை நிறுத்துகிறது என்றால், நரம்பு அளவுக்கு மீறித் துடிக்கும் நோய்களில் இதையே மிகச் சிறிய அளவில் மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார். கை கால் தானாக ஆடும் நோய், அளவுக்கு மீறிய வியர்வை, சளி என்றெல்லாம் எண்ணிப் பார்க்கிறார். அவர் சொன்னவற்றில் சிலவற்றுக்கு இன்று உண்மையிலேயே இந்த ஊசி போடப்படுகிறது. கிருமி என்று ஒன்று இருப்பதே மருத்துவத்துக்குச் சரியாகத் தெரியாத காலத்தில் எழுதியது அது.

கிருமியைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தின் எமில் வான் எர்மெங்கெம். 1895 டிசம்பரில் எல்லெசெல் என்ற கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர், உப்பிட்டு வைத்திருந்த பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த இறைச்சியிலும் இறந்தவர் உடலிலும் ஒரே பாக்டீரியா இருப்பதை எர்மெங்கெம் காட்டினார். சாசேஜுக்கு லத்தீனில் போட்டுலஸ் என்று பெயர். அதிலிருந்துதான் நோய்க்கு போட்டுலிசம் என்றும், கிருமிக்கு க்ளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்றும், நஞ்சுக்கு போட்டுலினம் டாக்சின் என்றும் பெயர்கள் வந்தன. இந்த இரண்டு சொற்களையும் சுருக்கிச் சேர்த்த வணிகப் பெயர்தான் போடாக்ஸ்.

இந்தக் கிருமி மண்ணில் சாதாரணமாக இருப்பது. காற்று இருந்தால் வளராது, புளிப்பு அதிகம் இருந்தாலும் வளராது. புளிப்பும் உப்பும் கூடிய நம் ஊறுகாய் ஜாடியில் அதற்கு இடம் கிடைப்பது கடினம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தால் அழிந்துவிடும். ஆனால் விதை போன்ற அதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலையிலும் பிழைத்திருக்கும். தேனிலும் அந்த வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காமல் வெளியேறிவிடும், கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடலாம். பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தொட்டு சேனை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருப்பதால் இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் வேண்டாம், ஒரு துளிகூட.

சரி, நஞ்சு எப்படி வேலை செய்கிறது? கையை மடக்க வேண்டும் என்று மூளை நினைத்தால் அந்தச் செய்தி நரம்பு வழியாகத் தசைவரை வருகிறது. ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை, நடுவில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சின்னச் சின்னப் பைகளில் நிரம்பி இருக்கிறது. செய்தி வந்ததும் அந்தப் பைகள் நரம்பின் சுவரோடு ஒட்டித் திறந்து, சரக்கை இடைவெளியில் கொட்டுகின்றன. அதைப் பெற்றுத்தான் தசை சுருங்குகிறது. படகைத் துறையோடு இழுத்துக் கட்டும் கயிறுபோல, பையைச் சுவரோடு இழுத்துப் பிணைக்கச் சில புரதங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் ஸ்நாப்-25. போட்டுலினம் ஏ வகை நஞ்சு நரம்பு நுனிக்குள் புகுந்து இந்தக் கயிற்றை அறுத்துவிடுகிறது. அப்புறம் படகு கரை சேராது, சரக்கும் இறங்காது. தசைக்கு எந்தக் காயமும் இல்லை, ஆனால் சுருங்கு என்ற கட்டளை அதற்கு வந்து சேர்வதில்லை.

இந்தக் கயிறு அறுபடும் விவரத்தை இத்தாலியின் பதுவாவில் சேசரே மொன்டெகுக்கோவின் குழு உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில்தான் கண்டறிந்தார்கள். ஊசி போட ஆரம்பித்துப் பல வருடங்கள் கழித்துத்தான் அது எப்படி வேலை செய்கிறது என்பதே முழுதாகப் புரிந்தது. நரம்பு சும்மா இருந்துவிடுவதில்லை. பக்கவாட்டில் புதுக் கிளைகளை விட்டுத் தற்காலிகமாக வேலையைச் சமாளிக்கிறது, பின்னர் பழைய நுனியே மெதுவாக உயிர்பெற்றுவிடுகிறது. ஊசியின் பலன் மூன்று நாலு மாதத்தில் தீர்ந்துபோவது இதனால்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இந்த மருந்தைத் தைரியமாகப் பயன்படுத்த முடிவதே இதனால்தான். தவறான இடத்தில் பட்டாலும் பொறுத்திருந்தால் சரியாகிவிடும் என்ற உறுதியை இது தருகிறது.

நஞ்சை மருந்தாக மாற்றியதில் இரண்டு பேருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உயிரியல் ஆயுதமாக இது பயன்படுமா என்று ஆராய அமெரிக்க ராணுவம் மேரிலாந்தின் கேம்ப் டெட்ரிக்கில் கூடம் அமைத்தது. 1946-இல் அங்கே ஏ வகை நஞ்சைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அங்கே வேலை செய்த எட்வர்ட் ஷான்ட்ஸ், நஞ்சைச் சுத்தமாக எடுப்பதில் கைதேர்ந்தவர். கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பியும் வைப்பார். அப்படிக் கேட்டு வாங்கியவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்.

ஸ்காட்டின் கவலை மாறுகண் குழந்தைகள். கண்ணை ஆறு தசைகள் அசைக்கின்றன, ஒரு தசை அதிகமாக இழுத்தால் கண் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அறுவை சிகிச்சையில் தசையை வெட்டி இடம் மாற்றித் தைக்க வேண்டும், சிலருக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இழுக்கும் தசையைச் சிறிது காலம் தளர்த்திவிட்டால் என்ன என்பது ஸ்காட்டின் எண்ணம். பல வேதிப்பொருள்களைப் பார்த்து, ஷான்ட்ஸ் அனுப்பிய நஞ்சில் வந்து நின்றார். குரங்குகளில் கிடைத்த முடிவுகளை 1973-இல் வெளியிட்டார். 1970களின் இறுதியில் மனிதர்களுக்குப் போட ஆரம்பித்து, 1980-இல் அந்த முடிவுகளையும் வெளியிட்டார். மருந்துக்கு அவர் வைத்த பெயர் ஒக்குலினம். கண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. (மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் குழந்தையை அப்படியே விட்டுவிடுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். திரும்பிய கண்ணை மூளை மெல்லப் புறக்கணிக்கத் தொடங்கி, பார்வையே மங்கிவிடும். சின்ன வயதிலேயே காட்டினால்தான் மீட்க முடியும்.)

ஷான்ட்ஸ் 1979 நவம்பரில் தயாரித்த ஒரே ஒரு தொகுதி நஞ்சிலிருந்துதான் 1997 வரைக்கும் அமெரிக்காவின் மருந்து முழுவதும் தயாரிக்கப்பட்டது. அந்தத் தொகுதியின் மொத்த எடை 200 மில்லிகிராமுக்குள். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. பதினெட்டு வருடம் எத்தனையோ ஆயிரம் நோயாளிகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அழகுக்கு இது எப்படி வந்தது? கனடாவின் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர், ஸ்காட்டிடம் கற்றுக்கொண்டு இமைச் சுருக்கத்துக்கு இந்த ஊசி போட்டுவந்தார். 1987-இல் ஒரு பெண் நோயாளி, புருவத்துக்கு நடுவில் இந்த முறை ஏன் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார். அங்கே துடிப்பு இல்லையே என்றார் ஜீன். அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் தெரிகிறதே என்றார் அந்தப் பெண். அன்று இரவு ஜீன் அதைத் தன் கணவர் அலஸ்டெயரிடம் சொன்னார். அவர் தோல் மருத்துவர், புருவமத்திக் கோட்டுக்கு நல்ல சிகிச்சை இல்லையே என்று தவித்துக்கொண்டிருந்தவர். மறுநாளே தங்கள் வரவேற்பாளருக்கு, அவர் சம்மதத்தோடு, போட்டுப் பார்த்தார்கள். 1992-இல் கட்டுரை வந்தது. இதற்கிடையே 1991-இல் ஸ்காட்டின் மருந்தை அலெர்கன் நிறுவனம் வாங்கியிருந்தது, பெயரும் போடாக்ஸ் என்று மாறியிருந்தது.

அழகுக்காகப் போடுபவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. தன் முகம் தன்னைவிடக் கோபமாகத் தெரிகிறது என்று ஒருவர் வருத்தப்பட்டால் அந்த வருத்தம் உண்மையானதுதான். ஆனால் எதற்கு இது உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து போக வேண்டும். புருவத்தை நெரிக்கும்போது, சிரிக்கும்போது, நெற்றியை உயர்த்தும்போது விழும் கோடுகளுக்குத்தான் இது. தசை அசையாவிட்டால் அந்த மடிப்பு விழாது. வெயிலாலும் வயதாலும் தோலே தளர்ந்து விழுந்த சுருக்கத்தை இது நிமிர்த்தாது. உதட்டைப் பருமனாக்குவதும், குழிவிழுந்த கன்னத்தை நிரப்புவதும் ஃபில்லர் எனப்படும் வேறு ஊசி. இரண்டையும் போடாக்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். புருவமத்திக்கு வழக்கமாகப் போடுவது ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட். மூன்று நாலு நாளில் தெரிய ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழுப் பலன் வரும்.

யூனிட் என்பது எடை அல்ல. ஒரு சுண்டெலிக் கூட்டத்தில் பாதியைக் கொல்லும் அளவை ஒரு யூனிட் என்று வகுத்தார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும் கணக்கு. 2011-இல் அலெர்கன் நிறுவனம் தன் மருந்தைச் சுண்டெலிகளுக்குப் பதில் வளர்ப்புச் செல்களில் சோதிக்க எஃப்.டி.ஏ-விடம் அனுமதி பெற்றது. ஒவ்வொரு நிறுவனத்தின் யூனிட்டும் வேறு என்பதும் முக்கியம். போடாக்ஸில் 20 யூனிட் போடும் இடத்தில் டிஸ்போர்ட் என்ற மருந்தில் 50 யூனிட் போடுவார்கள். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் ஆபத்து. குரங்குகளில் செய்த சோதனைகளை வைத்து, மனிதரைக் கொல்ல போடாக்ஸின் 2,500 முதல் 3,000 யூனிட் வரை தேவைப்படலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வழக்கமான ஒரு குப்பியில் இருப்பதோ 100 யூனிட்.

மருத்துவத்துக்குள் இந்த ஊசி பரவிய விதம் இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் பல பயன்கள் நோயாளிகள் சொல்லித்தான் தெரியவந்தன. லாஸ் ஏஞ்சலஸில் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்ட சிலர், தலைவலியும் குறைந்திருக்கிறது என்று வில்லியம் பைண்டர் என்ற அறுவை மருத்துவரிடம் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து நடந்த நீண்ட ஆய்வுகளின் முடிவில், 2010-இல் நாள்பட்ட மைக்ரேனுக்கு அனுமதி வந்தது. எல்லாத் தலைவலிக்கும் அல்ல. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருப்பவர்களுக்கு, நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்னந்தலை, கழுத்து, தோள் என 31 இடங்களில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. தலைவலியில் இது தசையைத் தளர்த்துவதோடு நிற்காமல், வலியைக் கடத்தும் நரம்பு நுனிகளிலிருந்து வலிப் பொருள்கள் கசிவதையும் குறைக்கிறது என்பதுதான் இப்போதைய விளக்கம்.

வியர்வையும் அப்படித்தான். முகத்துடிப்புக்கு ஊசி போட்டவர்களுக்கு அந்தப் பக்கம் வியர்ப்பது குறைந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். வியர்வைச் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோவது அதே அசிட்டைல்கோலின்தான். அக்குளில் சட்டை நனைந்து ஒட்டும் அளவுக்கு வியர்ப்பவர்களுக்கு 2004-இல் அனுமதி கிடைத்தது. பரீட்சைத் தாள் ஈரமாகும் அளவுக்கு உள்ளங்கை வியர்க்கும் மாணவர்களுக்கும் போடுகிறார்கள், ஆனால் உள்ளங்கையில் ஊசி ரொம்ப வலிக்கும்.

பக்கவாதம் வந்த பிறகு கை முறுக்கிக்கொண்டு, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். நகம் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கும், கையைத் திறந்து கழுவிவிடவே வீட்டிலிருப்பவர்கள் படாத பாடு படுவார்கள். அந்தத் தசைகளில் போட்டால் விரல்கள் இளகும். கை பழையபடி வேலை செய்யாமல் போகலாம், ஆனால் சட்டை போட்டுவிடலாம், நகம் வெட்டிவிடலாம், பிசியோதெரபி செய்ய முடியும். மூளை முடக்குவாதத்தோடு பிறந்து கெண்டைக்கால் தசை இறுகியதால் நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. இங்கே ஊசியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தசை இளகி இருக்கும் அந்த மூன்று மாதத்தில் பயிற்சியும், காலை நேராகப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டும் இருந்தால்தான் பலன் கிடைக்கும். ஊசி மட்டும் போட்டுவிட்டுப் பயிற்சியை விட்டுவிட்டால் பணம் போனதுதான் மிச்சம்.

கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும் நோய்க்கு, குரல் நாண் இறுகிப் பேச்சு திக்கித் திக்கி வரும் நோய்க்கு, சிறுநீர்ப்பை அடக்க முடியாமல் சுருங்கும் தொல்லைக்கு, பார்க்கின்சன் நோயில் எச்சில் வழிவதற்கு, உணவுக்குழாயின் கீழ்முனை திறக்காமல் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்பதற்கு, ஆறாத ஆசனவாய் வெடிப்புக்கு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றிலும் கருத்து ஒன்றுதான். எங்கோ ஒரு தசையோ சுரப்பியோ அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதைக் கொஞ்சம் அடக்க வேண்டும். லியோன் ஃப்ளைஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரின் கதையை மட்டும் சொல்கிறேன். புகழின் உச்சியில் இருந்தபோது, 1960களின் நடுவில், வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தானாக மடங்கிக்கொள்ள ஆரம்பித்தன. முப்பது வருடங்கள் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையையே வாசித்தார், பாடம் நடத்தினார், இசைக்குழுக்களை நடத்தினார். 1990களில் இந்த ஊசியும் வேறு சில சிகிச்சைகளும் கைகொடுக்க, இரண்டு கைகளாலும் மேடையில் மறுபடி வாசித்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு, பயப்பட வேண்டிய இடத்தையும் சொல்ல வேண்டும். மருந்து போட்ட இடத்தை விட்டு நகர்ந்தால், அடுத்திருக்கும் தசையும் தளரும். நெற்றிக்குப் போட்டது கீழே இறங்கினால் இமை தொங்கும், கழுத்துக்குப் போட்டது உள்ளே போனால் விழுங்கச் சிரமமாகும். அளவோடு போட்டிருந்தால் சில வாரங்களில் மாறிவிடும். ஆனால் 2009-இல் எஃப்.டி.ஏ, மருந்து தொலைவில் பரவி விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையை எல்லா நிறுவனங்களின் மருந்திலும் கட்டம்போட்டு அச்சிட வைத்தது. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு அதிக அளவில் போட்டபோது நேர்ந்த பாதிப்புகள் அதற்கு முக்கியக் காரணம். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

பெரிய விபரீதங்கள் பலவும் நடந்தது மருந்து எங்கிருந்து வந்தது, யார் போட்டார்கள் என்பதில்தான். 2004 நவம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆய்வுக்கூடத்துக்கென்று விற்கப்பட்ட நஞ்சை ஒரு மருத்துவர் வாங்கிச் சுருக்கத்துக்குப் போட்டார். தனக்கும் போட்டுக்கொண்டார். நாலு பேர் மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டரில் கிடந்தார்கள். அவர்களில் மூன்று பேரின் உடலில் ஏறியது உயிரைக் கொல்லும் அளவைப்போல் 21 முதல் 43 மடங்கு வரை இருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நாலு பேரும் பிழைத்தது தீவிர சிகிச்சையால்தான். 2023-இல் துருக்கியில், உடல் எடை குறைய இரைப்பைச் சுவரில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 60-க்கும் மேற்பட்டோருக்கு போட்டுலிசம் வந்தது, ஜெர்மனியிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. எடை குறைக்க இந்த ஊசிக்கு எஃப்.டி.ஏ-வின் அனுமதியே கிடையாது. 2023 நவம்பரிலிருந்து 2024 மார்ச் வரை அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்கள் போலி மருந்தாலோ, வீட்டிலும் ஸ்பாவிலும் தகுதியில்லாதவர்கள் போட்டதாலோ பாதிக்கப்பட்டார்கள். 2025 ஜூன் தொடங்கி ஆறு வாரத்துக்குள் இங்கிலாந்தில் 38 பேர்.

நம் ஊர்களிலும் தெருவுக்கு ஒரு அழகுக் கூடம் வந்துவிட்டது. பண்டிகைத் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போடாக்ஸை விளம்பரம் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முகத்தின் தசைகளைப் படித்த மருத்துவர் போட வேண்டிய மருந்து இது. குப்பியை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள், நிறுவனப் பெயரையும் தொகுதி எண்ணையும் உங்கள் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை யூனிட் போடுகிறார் என்று கேளுங்கள், 'ஒரு ஊசி', 'இரண்டு ஊசி' என்ற கணக்கில் அர்த்தமில்லை. இமை தொங்கினால் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம். போட்ட பிறகு இமை தொங்குவதோடு நிற்காமல் பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அழகுக் கூடத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நச்சுமுறி மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் புகுந்துவிட்டதை அதனால் மீட்க முடியாது. அதனால் நேரம் முக்கியம்.

செலவு இன்னொரு சுமை. ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய், அதுவும் வருடத்துக்கு மூன்று நாலு முறை. அத்தையைப் போன்றவர்களுக்கு ஒரு குப்பியில் கால் பங்குகூடத் தேவைப்படாது என்பதால், சில மருத்துவமனைகளில் ஒரே நாளில் நாலைந்து பேரை வரச் சொல்லிக் குப்பியைப் பகிர்ந்து போடுகிறார்கள். ஒரு குப்பி ஒருவருக்கே என்பதுதான் தயாரிப்பாளரின் குறிப்பு, பகிரும்போது சுத்தத்தில் இம்மியும் பிசகக் கூடாது. ஆனால் அப்படிப் பகிர்வதால்தான் பல வீடுகளில் இந்தச் சிகிச்சையைத் தொடர முடிகிறது. அழகுச் சந்தையில் புரளும் பணத்தைப் பார்த்துவிட்டு, கை இறுகிய பக்கவாத நோயாளி அடுத்த ஊசிக்குக் காசில்லாமல் நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை. விறைப்புக்கும் துடிப்புக்கும் இது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் அல்ல என்பதைக் காப்பீட்டுத் திட்டங்களை வகுப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அத்தை மனம் மாறியது பேரன் பிறந்த பிறகு. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போது முகம் சுண்டி இழுக்க, குழந்தை பயந்து அழுதது. அடுத்த வாரமே, "அந்த டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போ கண்ணு" என்றார். இந்த முறை டாக்டர் போடாக்ஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. துடிப்பை அடக்கும் நரம்பு ஊசி என்றார். ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சை நிரந்தரத் தீர்வாகலாம் என்பதையும் சொன்னார், மண்டையைத் திறக்க வேண்டும் என்றதும் அத்தை வேண்டாம் என்றுவிட்டார். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் மெல்லிய ஊசியால் அங்கங்கே இரண்டரை யூனிட், அதற்கும் குறைவு. பத்து நிமிடத்தில் முடிந்தது. ஐந்தாம் நாள் துடிப்பு அடங்கியது. இரண்டு வாரம் வாயோரம் கொஞ்சம் தளர்ந்து காபி வழிந்தது, பிறகு அதுவும் சரியாயிற்று.

இப்போது நாலு வருடமாகப் போட்டுக்கொள்கிறார். பலன் தீரும் நேரம் அவருக்கே தெரியும். இமையில் ஓர் எறும்பு ஊர்வதுபோல் இருக்குமாம். சமையலறைக் காலண்டரில், கோயில் திருவிழாவுக்கும் பால் கணக்குக்கும் நடுவில், மூன்றரை மாதத்துக்கு ஒரு கட்டத்தில் 'ஊசி' என்று எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அது என்ன ஊசி என்று போன வாரம் கேட்டபோது அத்தை கொஞ்சமும் தயங்கவில்லை. "போடாக்ஸ்" என்றார்.